எலும்பில் படாமல்

எங்கள் ஊரில் ஒருத்தன் குடித்தானா இல்லையா என்று யாரும் அவன் வாயை மோந்து பார்ப்பதில்லை. சட்டைக் கையைத் தூக்கிப் பார்ப்பார்கள். இடது புயத்தில் காப்பு பச்சையாக இருந்தால் நல்லவன். சிவப்பாக இருந்தால், அவன் பெற்ற பிள்ளைகூட இரண்டடி தள்ளித்தான் நிற்கும்.

விஷச் சாராயம் குடித்து மூன்று ஊர் ஆண்கள் செத்த வருஷம் வந்த சட்டம் அது. வயது வந்தவர் எல்லாரும் ஈரல் காப்பு மாட்ட வேண்டும். தோலுக்கடியில் மயிரளவு ஊசியை விட்டு, ரத்தத்தில் ஈரல் என்சைம் எவ்வளவு இருக்கிறது என்று அது நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டே இருக்கும். எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி என்று இரண்டு பெயர்கள். எங்கள் ஊர்ச் சின்னப் பிள்ளைகளுக்கும் அத்துப்படி. குடித்தால் ஈரல் கெடும், ஈரல் கெட்டால் அந்த இரண்டும் ஏறும், ஏறினால் காப்பு சிவக்கும். இதில் என்ன சந்தேகம் வரப்போகிறது? நானும் கைதட்டினவள்தான். அப்பா குடித்துவிட்டு வந்து அம்மாவை இஸ்திரிப் பெட்டியால் சுட்ட வீட்டில் வளர்ந்தவள் நான். காப்பு வந்த அன்றைக்கு என் மாவு மில்லுக்கு வந்தவர்களுக்கெல்லாம் சர்க்கரைப் பொங்கல் கொடுத்தேன்.

சட்டத்தை நடத்த ஊருக்கு ஊர் விழிப்புக் குழு போட்டார்கள். எங்கள் குழுவுக்குத் தலைவி தனபாக்கியம் அக்கா. ஒருவர் காப்பு சிவந்தால் குழுவினர் அத்தனை பேர் போனும் அலறும். வேனில் வந்து இறங்குவார்கள். ஆளைத் தெருவுக்கு இழுத்துவந்து 'விசாரிப்பார்கள்'. விசாரணை என்றால் பிரம்படி. ஆனால் எலும்பு உடையக் கூடாது என்று சட்டத்தில் இருந்தது. அதனால் அக்கா தன் ஆட்களை வரிசையில் நிற்கவைத்துச் சொல்லிக்கொடுத்திருந்தார்: தொடை, புட்டம், கெண்டைக்கால், முதுகின் மேல்சதை. எலும்பில் படாமல் அடிக்க வேண்டும். அடித்து முடித்துப் பழைய நெல் கிட்டங்கியில் பூட்டிவைப்பார்கள். இரண்டு நாள் கழித்துப் பெரிய மெஷினில் உறுதிப் பரிசோதனை. அதிலும் ஏறியிருந்தால் ஒரு வருஷம் மீட்பு முகாம். போனவர்களில் பாதிப் பேர் எலும்பும் தோலுமாகத் திரும்பினார்கள். சிலர் திரும்பவேயில்லை.

குழு ஆபீஸ் வாசலில் ஒரு பலகை இருக்கும். உறுதிப் பரிசோதனையில் இந்தக் குழு ஒருமுறைகூடத் தவறியதில்லை என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பார்கள். பிடிபட்ட அத்தனை பேருக்கும் அளவு முதல் நாளைவிடக் கூடத்தான் இருந்தது. அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குப் பெருமையாக இருக்கும்.

அக்கா மேல் யாரும் ஒரு சொல் சொல்லிவிட முடியாது. முதல் ஆளாக அவர் பிடித்துக் கொடுத்தது பெற்ற மகன் மணிபாரதியை. அவனை அடித்த முதல் அடியும் அவருடையதுதான். அவன் முகாமில் செத்தான். ஈரல் கெட்டுச் செத்தான் என்று சீட்டு வந்தது. காரியம் முடிந்த மறுநாளே பிரம்பை எடுத்துக்கொண்டு வேலைக்கு வந்துவிட்டார். அப்படிப்பட்ட பொம்பளையிடம் போய் யார் வாய் திறப்பது?

என் வீட்டுக்காரர் அழகுராஜா மோட்டார் வைண்டிங் கடை வைத்திருக்கிறார். காலையில் ஸ்டூலில் உட்கார்ந்தால் சாயங்காலம்தான் எழுந்திருப்பார். வாயில்லாப் பூச்சி. எனக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் ஆனபோது, நான் பிழைத்தால் பழனிக்கு நடந்தே வந்து காவடி எடுப்பதாக வேண்டிக்கொண்டாராம். என்னிடம்கூடச் சொல்லவில்லை. தையில் மாலை போட்டார், ஒரு மண்டலம் விரதம் இருந்தார், வெறுங்காலோடு காவடியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். பத்து எட்டு சேர்ந்தாற்போல் நடக்காத மனுஷன்.

திரும்பும்போது பஸ்ஸில் வந்தார். படியில் இறங்க முடியாமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு காலாக இறக்கியதைப் பார்த்து நான் சிரித்துவிட்டேன். வீட்டுக்கு வந்து குளிக்கச் சட்டையைக் கழற்றினார். காப்பு சிவந்திருந்தது.

அவர் தலைமுடியைப் பிடித்து இழுத்து வாயை மோந்து பார்த்தேன். விபூதியும் பஞ்சாமிர்தமும்தான் மணந்தது. ஆனாலும் என் மூளை காப்பைத்தான் நம்பியது. கையிலிருந்த சொம்பை எறிந்தேன். நெற்றியில் பட்டுத் தோல் கிழிந்து ரத்தம் வந்தது. அவர் துடைக்கக்கூட இல்லை.

"முருகன் மேல ஆணையாச் சொல்றேன், கற்பகம். தண்ணியும் மோரும் தவிர வேற எதுவும் தொடலை" என்றார்.

அவர் சொல்லி முடிப்பதற்குள் வேன் வந்துவிட்டது. அக்காவோடு செந்தட்டியும் இன்னும் நான்கு பேரும் இறங்கினார்கள். செந்தட்டிதான் குழுவில் அக்காவுக்கு அடுத்த ஆள். அவன் இவர் கழுத்திலிருந்த மாலையை மட்டும் மரியாதையாகத் தலைவழியே கழற்றி என் கையில் கொடுத்தான். பிறகு அவரைக் கரண்ட் கம்பத்தைக் கட்டிப்பிடிக்க வைத்துக் கைகளைக் கட்டினான். தெருவே கூடிவிட்டது. விரதம் இருந்துவிட்டு வருகிற வழியில் குடித்தவன் என்று ஒருத்தி காறித் துப்பினாள். அந்த வாரம் பழனிக்கு நடந்து போய்வந்தவர்களில் இவர் பிடிபட்ட மூன்றாவது ஆள் என்று யாரோ சொன்னார்கள். கோயிலுக்குப் போகிறேன் என்று சொல்லிக் குடிக்கப் போகிறார்கள் என்றுதான் எல்லாரும் பேசிக்கொண்டார்கள். ஏன் நடந்தவர்களுக்கு மட்டும் சிவக்கிறது என்று ஒருவர் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

பிரம்பு தொடையில் விழும் சத்தம் ஈரத்துணியைக் கல்லில் அடிப்பதுபோலக் கேட்டது. முதலில் கத்தினார். பிறகு கத்தவில்லை. இரண்டு பேர் மாற்றி மாற்றி அடித்தார்கள். கை ஓய்ந்தவன் தண்ணீர் குடித்துவிட்டு வந்து மறுபடி அடித்தான். ஏற்கெனவே நடந்து நடந்து வீங்கியிருந்த கால்கள், வேட்டிக்குக் கீழே நாவற்பழ நிறமாக மாறின. நான் ஓடிப்போய்க் குறுக்கே விழுந்தேன். அக்கா என் தோளைப் பிடித்து, நோகாமல், ஆனால் அசைய முடியாதபடி நிறுத்தினார். செந்தட்டியிடம், முட்டியில் படாமல் பார்த்து அடி என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் காலையில் சோறு கட்டிக்கொண்டு கிட்டங்கிக்குப் போனேன். ஜன்னல் வழியாகப் பார்க்க விட்டார்கள். அவர் சுவரோரம் சுருண்டு கிடந்தார். சோறு வேண்டாம் என்றார். கையூன்றி வந்து, கம்பி வழியாக ஒரு தண்ணீர் பாட்டிலை நீட்டினார். அதில் பால் விடாத காப்பி நிறத்தில் ஏதோ இருந்தது.

"ஒண்ணுக்கு இப்பிடித்தான் போகுது. அதுவும் ரெண்டு சொட்டு. பயமா இருக்கு" என்றார்.

அந்த ஒரு வார்த்தை போதும். பயமாக இருக்கிறது என்று அவர் சொல்லி நான் கேட்டதேயில்லை. பாட்டிலை முந்தானையில் சுற்றிக்கொண்டு அரசு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன்.

அங்கே டாக்டர் ஷாஹிதா இருந்தார். வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தவர், எழுந்து கதவைச் சாத்தினார். எங்கே அடித்தார்கள் என்று கேட்டார். தொடை, புட்டம், கெண்டைக்கால் என்றேன். எலும்பில் படவில்லை என்று, குழுவுக்கு நானே வக்காலத்து வாங்குகிற மாதிரி சொன்னேன்.

"அதுதாங்க கோளாறே" என்றார் டாக்டர். "என்சைம்ங்கிறது செல்லுக்குள்ள இருந்து வேலை பாக்குற சாமான். செல் உடைஞ்சா ரத்தத்துல கொட்டிரும். ஈரல் செல் உடைஞ்சாலும் கொட்டும், சதை உடைஞ்சாலும் கொட்டும். ரெண்டுலயும் அதே சாமான்தான் இருக்கு. எவ்வளவு கொட்டியிருக்குன்னு காப்புக்குத் தெரியும். எங்கேருந்து கொட்டுச்சுன்னு தெரியாது."

உட்கார்ந்தே பழகியவர் அவ்வளவு தூரம் காவடியோடு நடந்தால் கால் சதை நைந்துவிடும், அதுவே காப்பைச் சிவக்கவைக்கும், பேசாமல் படுத்து ஓய்வெடுத்திருந்தால் தானே இறங்கியிருக்கும் என்றார். ஈரலில் கொழுப்பு சேர்ந்தாலும் ஏறுமாம். காமாலைக் கிருமிக்கும் ஏறும், சில மாத்திரைகளுக்கும் ஏறும், கண்ட லேகியத்துக்கும் ஏறும்.

"ஏறியிருக்குன்னா ஏன்னு தேடணும். அது ஒரு கேள்வி. நம்ம ஆளுங்க அதையே தீர்ப்பாக்கிட்டாங்க."

எனக்கு அப்போதுதான் குழு ஆபீஸ் பலகை கண்ணில் வந்து நின்றது. அப்படியானால் உறுதிப் பரிசோதனையில் எப்படி எல்லாருக்கும் ஏறுகிறது என்று கேட்டேன். டாக்டர் என்னை நேராகப் பார்க்கவில்லை.

"அடிச்சா ஏறும். யாரை அடிச்சாலும் ஏறும். என்னை அடிச்சாலும் ஏறும்."

சதை உடைந்ததா ஈரல் உடைந்ததா என்று பிரித்துச் சொல்ல வேறு சோதனைகள் இருக்கின்றனவாம். அவற்றைச் செய்ய வேண்டும் என்று மேலே எழுதியதற்குத்தான் அவரை ஊர் ஊராக மாற்றிக்கொண்டிருந்தார்கள். அது இருக்கட்டும், என் புருஷனைப் பாருங்கள் என்றேன். அந்தக் கறுப்பு, உடைந்த சதையிலிருந்து வருகிற சாயம் என்றார். கிட்னியை அடைத்துவிடும். உடனே ட்ரிப்ஸ் ஏற்ற வேண்டும், நாளை மத்தியானத்தைத் தாண்டினால் ஆள் பிழைப்பது கஷ்டம். ஆனால் உறுதிப் பரிசோதனை முடிகிறவரை கிட்டங்கிக்குள் ஒரு சொட்டு மருந்து போகக் கூடாது, அளவு மாறிவிடும் என்று சட்டம் இருந்தது. போலீஸிடம் போனேன். குழு விஷயத்தில் நாங்கள் தலையிட மாட்டோம் என்றார்கள்.

மில்லுக்குத் திரும்பி வந்தேன். வேறு எங்கே போவது என்று தெரியவில்லை. சாயங்காலம் தனபாக்கியம் அக்கா தானே தேடிக்கொண்டு வந்தார். அது அவர் வழக்கம். யாரைப் பிடித்தாலும் மறுநாள் அவன் பெண்டாட்டியைப் பார்த்து ஆறுதல் சொல்லி, ஒரு சிப்பம் அரிசி இறக்கிவிட்டுப் போவார். வாசலில் அரிசியை இறக்கிவைத்து வேனை அனுப்பிவிட்டுத் தனியாகத்தான் உள்ளே வந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தக் கை சூடாக, நல்ல கையாகத்தான் இருந்தது. அதை நினைத்தால் இப்போதும் எனக்கு எரிகிறது.

டாக்டர் சொன்னதையெல்லாம் சொன்னேன். காலில் விழுந்தேன். ட்ரிப்ஸ் மட்டும் ஏற்ற விடுங்கள், அப்புறம் முகாமுக்கே கொண்டுபோங்கள் என்று அழுதேன். அவர் என்னைத் தூக்கி நிறுத்தினார்.

"எல்லாப் பொண்டாட்டியும் இதத்தான் சொல்லுது, தாயி. எம்புருஷன் குடிக்கலைன்னு. நானும் சொன்னேன், எம்மவன் குடிக்கலைன்னு. மூணாம் நாள் மெஷினு சொல்லுச்சு, குடிச்சிருக்கான்னு. பெத்தவ வாயா பெரிசு, மெஷினா பெரிசு?"

"அந்த மெஷினு நீங்க அடிச்சதைத்தாங்க்கா சொல்லுச்சு."

அவர் முகம் ஒரு கணம் எப்படியோ ஆனது. உடனே பழையபடி ஆகிவிட்டது. நாளை பரிசோதனை முடியட்டும் என்று சொல்லிவிட்டு வாசலுக்குத் திரும்பினார்.

நாளைக்கு என் புருஷன் இருக்க மாட்டார். அது ஒன்றுதான் என் தலைக்குள் இருந்தது. நான் ஷட்டரை இறக்கினேன். மோட்டாரைப் போட்டேன். மிளகாய் அரைக்கிற மெஷின் ஓடினால் பக்கத்தில் இடி விழுந்தாலும் வெளியே கேட்காது. சுவரில் அறுந்துபோன பழைய பெல்ட் தொங்கிக்கொண்டிருந்தது, மோட்டாருக்கும் கல்லுக்கும் நடுவே ஓடுகிற கனத்த பெல்ட். அதை எடுத்து இரண்டாக மடித்தேன்.

முதல் அடி தொடையின் பின்பக்கம் விழுந்தது. அக்கா திரும்பி என் கழுத்தைப் பிடித்தார். பலசாலிதான். என்னைச் சாக்கு மூட்டைகள் மேல் தள்ளி முகத்தில் அறைந்தார், என் உதடு கிழிந்தது. ஆனால் மூட்டை தூக்கி உரமேறிய உடம்பு என்னுடையது. அவரைக் குப்புறத் தள்ளி முதுகில் முட்டி போட்டு உட்கார்ந்து அடித்தேன். தொடை, புட்டம், கெண்டைக்கால். அவர் கற்றுக்கொடுத்த அதே இடங்கள். மிளகாய்த்தூள் பறந்து இரண்டு பேருக்கும் கண் எரிந்து ஒழுகியது. அம்மா வாங்கிய அடி, என் புருஷன் வாங்கிய அடி எல்லாம் சேர்ந்து என் கைக்குள் வந்துவிட்டது. ஒரு கட்டத்தில் எதற்கு அடிக்கிறேன் என்பதே மறந்துபோய், அடிப்பது நன்றாக இருந்தது. கை மரத்துப்போனதும்தான் நிறுத்தினேன். எலும்பில் ஒரு அடிகூடப் படவில்லை.

மோட்டாரை அணைத்தேன். அவர் காதருகே குனிந்து சொன்னேன்: "விடியட்டும்க்கா. உங்க காப்பு என்ன கலர்ல இருக்குன்னு பாருங்க."

அவர் சுவரைப் பிடித்து எழுந்தார். சேலையைச் சரிசெய்தார். ஆட்களைக் கூப்பிடுவார், என்னையும் கம்பத்தில் கட்டுவார் என்று காத்திருந்தேன். அவரோ, அரிசியை எடுத்து உள்ளே வை, எலி கடித்துவிடும் என்று சொல்லிவிட்டு நொண்டிக்கொண்டே போனார்.

விடிந்ததும் அவர் வீட்டுக்கு ஓடினேன். பின்வாசல் படியில் தனியாக உட்கார்ந்திருந்தார். இடது கையை மடியில் போட்டுக்கொண்டு காப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். சிவப்பு. வாழ்நாளில் ஒரு சொட்டு தொடாத பொம்பளையின் கையில் நல்ல ரத்தச் சிவப்பு. எனக்குச் சந்தோஷம் வரவில்லை.

என்னை நிமிர்ந்து பார்க்காமலே பேசினார்.

"மணிபாரதிக்குச் சிவந்த வாரம், அவன் மச்சுக்குக் காங்கிரீட் போடுற வேலைக்குப் போயிருந்தான். ரெண்டு நாளு ராப்பகலா கலவைச் சட்டி தூக்குனான். கையத் தூக்க முடியலைம்மா, தலை சீவி விடுன்னான்." காப்பைச் சேலைத் தலைப்பால் மூடினார். "குடிச்சிட்டு வந்து நடிக்கிறியாடான்னு கேட்டேன்."

முன்வாசலில் வேன் சத்தம் கேட்டது. எல்லார் போனும் அலறியிருக்கும். அக்கா இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை எடுத்து, அதில் ஒன்றைக் கழற்றி என் கையில் திணித்தார்.

"கிட்டங்கிச் சாவி. அங்க இப்ப ஒருத்தனும் இருக்க மாட்டான், எல்லாரும் இங்க வந்துருப்பானுக. பரிசோதனைய நான் இழுத்து வைக்கிறேன். போ."

நான் போயிருக்க வேண்டும். ஆனால் ஒரே நிமிஷம், உண்மையைச் சொல்லிவிட்டால் என் புருஷன் மட்டுமில்லை, எல்லாரும் பிழைப்பார்கள் என்று நினைத்தேன். முன்பக்கம் ஓடி, கூட்டத்தின் நடுவே நின்று சொன்னேன். நான்தான் அடித்தேன், மில் பெல்ட்டால் அடித்தேன், அதனால்தான் சிவந்திருக்கிறது, இதுவரை சிவந்த எல்லாருக்கும் மூன்றாம் நாள் ஏறியது நீங்கள் அடித்ததால்தான், வேண்டுமானால் அக்கா காலைப் பாருங்கள் என்று தொண்டை கிழியக் கத்தினேன். செந்தட்டியின் கையில் பிரம்பு தாழ்ந்தது. அவனும் தன் சொந்தச் சித்தப்பாவை முகாமுக்கு அனுப்பியவன்.

அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்தார். செந்தட்டி மெதுவாகக் கேட்டான்.

"யக்கா, இவ சொல்றது நெசமா?"

அவர் அவனைப் பார்த்தார். கூட்டத்தில் நின்ற பெண்களைப் பார்த்தார். புருஷனைக் கொடுத்தவர்கள், பிள்ளையைக் கொடுத்தவர்கள் எல்லாரும் அங்கேதான் நின்றார்கள். ஒரு வார்த்தை சொன்னால் போதும், ஆமாம் என்று. அந்த ஒரு வார்த்தையைச் சொன்னால், மணிபாரதி குடிக்கவில்லை என்றாகிவிடும். ஈரல் கெட்டுச் சாகவில்லை என்றாகிவிடும். முதல் அடி யாருடையது என்று ஊருக்கே தெரியும்.

"பொய்" என்றார் அக்கா. "விழுந்து கால் வீங்கிருக்கு. நான் குடிச்சேன்."

பெண்கள் சிலருக்கு மூச்சு திரும்பி வந்ததை நான் என் கண்ணால் பார்த்தேன். பொய் சொல்லாதீங்கக்கா என்று நான் கதறியது யார் காதிலும் விழவில்லை. விழக் கூடாது என்றுதான் எல்லாரும் நின்றார்கள். அக்கா தானாகவே படியிறங்கிப் போய்க் கரண்ட் கம்பத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

"என்னடா முழிக்கிற, செந்தட்டி? எம்மவனுக்கு ஒரு சட்டம், எனக்கு ஒரு சட்டமா? சதையில அடி. எலும்புல படாம."

முதல் அடி விழுந்தபோது நான் ஓடத் தொடங்கியிருந்தேன். சாவி உள்ளங்கையில் குத்தியது. பின்னால் அந்த ஈரத்துணிச் சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்டுக்கொண்டே இருந்தது. திரும்பிப் பார்க்கவில்லை, பார்த்திருந்தால் என் கால் நின்றுபோயிருக்கும்.

கிட்டங்கியில் அவர் கண் திறக்கவில்லை, மூச்சு மட்டும் இருந்தது. தோளில் போட்டுக்கொண்டுபோய் மில் வண்டியில் கிடத்தினேன். டாக்டர் ஷாஹிதா ஒரு கேள்வியும் கேட்கவில்லை. இரண்டு கையிலும் ட்ரிப்ஸ் ஏற்றிவிட்டு, கேஸ் சீட்டில் பாம்புக்கடி என்று எழுதினார். சில பாம்பு கடித்தாலும் சதை உடையும், கறுப்பாகப் போகும், காப்பு சிவக்கும். பாம்பு கடித்தவனுக்குச் சட்டத்தில் விலக்கு உண்டு. கிட்டங்கியில் பாம்பு இருப்பது ஊருக்கே தெரிந்த விஷயம், யாரும் மறுத்துப் பேசவில்லை.

என் வீட்டுக்காரர் பிழைத்துக்கொண்டார். இப்போது கைத்தடி வைத்துத்தான் நடக்கிறார். அவர் காப்பு பச்சைக்கு வந்துவிட்டது. தெருவில் போகும்போது சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டுதான் போகிறார்.

தனபாக்கியம் அக்காவுக்கு மூன்றாம் நாள் உறுதிப் பரிசோதனை நடந்தது. முதல் நாளைவிட அளவு மூன்று மடங்கு ஏறியிருப்பதாகச் செந்தட்டி மைக்கில் அறிவித்தான். இப்போது அவன்தான் தலைவன். ஆபீஸ் வாசலில் அந்தப் பலகைக்குப் புதிதாகப் பெயின்ட் அடித்திருக்கிறார்கள். எங்கள் குழு இன்னும் ஒருமுறைகூடத் தவறவில்லை.